இதய அறுவைக்குப் பின் மூச்சுக்குழாய்த் திறப்பு: நாள் குறிப்பது எப்படி?

கொல்கத்தா மாநகரின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது கிடர்பூர். 1892ஆம் ஆண்டில் இங்குக் கப்பல் துறை திறக்கப்பட்டது. அதை நம்பிப் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வங்காளத்தின் உட்பகுதிகளிலிருந்தும் உழைப்பாளர்கள் வந்து குடியேறினர். குறுகிய சந்துகளும் ஒரே அறையில் ஆறேழு பேர் உறங்கும் வீடுகளும் இப்பகுதியின் இயல்பான காட்சிகள். இத்தகைய நெருக்கமான வாழ்க்கைக்கும் இதய நோய்க்கும் உள்ள உறவு மருத்துவ உலகம் நன்கறிந்ததே. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமி கூட்டம் மிகுந்த இல்லங்களில் எளிதில் பரவுகிறது. அதன் பின்விளைவான கீல்வாதக் காய்ச்சல் குழந்தைப் பருவத்திலேயே இதய வால்வுகளைச் சிதைத்துவிடுகிறது. அந்தச் சிதைவு முப்பது, நாற்பது வயதில் மூச்சுத் திணறலாக வெளிப்படுகிறது.

கிடர்பூருக்குச் சில கிலோமீட்டர் தொலைவிற்குள்ளாகவே இந்நோய்க்கு அறுவை மருத்துவம் கிடைக்கிறது. கிழக்கே, குதிரைப் பந்தயத் திடலுக்கு அப்பால் பழைய பிரசிடென்சி பொது மருத்துவமனை உள்ளது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்ந்து பறவைகளுக்குப் பரவும் முறையை ரொனால்டு ராஸ் 1898இல் கண்டறிந்தது இங்குதான். 1954 முதல் சேட் சுக்லால் கர்னானி நினைவு மருத்துவமனை என வழங்கும் இதில், 1957இல் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. தெற்கே அலிப்பூரில், 1989ஆம் ஆண்டில் பி.எம். பிர்லா இதய ஆராய்ச்சி மையம் உருவாயிற்று. கொல்கத்தாவின் இதய அறுவை முன்னோடியான டாக்டர் அஜித் குமார் பாசுவுக்கு 1967இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு கிடைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் என். கோபிநாத் 1961இல் திறந்த இதய அறுவை செய்ததும், சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் 1975இல் இதயத் தமனி மாற்றுவழி அறுவை செய்ததும் அதே காலப் போக்கின் பிற மைல்கற்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு மேலே செல்லலாம். கிடர்பூரில் வாழும் நாற்பது வயதுப் பெண் ஒருவருக்கு, சிதைந்த மைட்ரல் வால்வை அகற்றிச் செயற்கை வால்வு பொருத்தப்பட்டது என்று கொள்வோம். அறுவை நன்றாகவே முடிந்தது. எனினும் ஐந்தாம் நாளிலும் அவரால் தாமாக மூச்சுவிட இயலவில்லை. வாய் வழியே செலுத்திய குழாய் செயற்கைச் சுவாசக் கருவியோடு அவரைப் பிணைத்திருக்கிறது. குழாயைப் பொறுத்துக்கொள்வதற்காக மயக்க மருந்து தரப்படுகிறது. கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் நேரடியாகக் குழாய் பொருத்த வேண்டுமா என்ற வினா எழுகிறது. இன்றே செய்வதா, இன்னும் பத்து நாள் பொறுப்பதா? வெளியே காத்திருக்கும் கணவருக்கு இவ்வினா ஒருநாள் திடீரென ஒரு படிவத்தின் வடிவில் வந்து சேரும். அதில் அவர் கையொப்பமிட வேண்டும்.

சிகிச்சையின் வரலாறு

டிரக்கியாஸ்டமி எனப்படும் மூச்சுக்குழாய்த் திறப்பு மிகப் பழைமையான அறுவை. நெடுங்காலம் அது தொண்டை அடைப்பை நீக்கும் கடைசி முயற்சியாகவே இருந்தது. இந்திய மருத்துவமனைகளில் தொண்டை அடைப்பான் நோய்க்கும் வாய்ப்பூட்டு ஏற்படும் இரணஜன்னிக்கும் இதைச் செய்த தலைமுறையினர் இன்றும் உள்ளனர். தடுப்பூசி பரவியதால் அந்தத் தேவை பெரிதும் அருகிவிட்டது. தாய்மாருக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கும் வரும் இரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது.

இந்த அறுவைக்குப் புதுப் பொருள் தந்தது 1952ஆம் ஆண்டின் கோபன்ஹேகன் இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோய். சுவாசத் தசைகள் செயலிழந்தவர்கள் நாள்தோறும் பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தனர். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சென் அவர்களின் கழுத்தைத் திறந்து குழாய் வைத்து, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டச் செய்தார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினர். சுவாசத் தசை செயலிழந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நான்கில் ஒன்று என்ற அளவை நெருங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேதான் பிறந்தது எனலாம். 1955இல் சுவீடனைச் சேர்ந்த பியோர்க், எங்ஸ்டிராம் இருவரும், நுரையீரல் அறுவைக்குப் பின் சுவாசம் தளர்ந்தோருக்கு இதே முறையைக் கையாண்டு வெளியிட்டனர். பின்னர் 1969இல் சாய்தட்டு வகைச் செயற்கை இதய வால்வை உருவாக்கியவரும் அதே பியோர்க்தான். இதய வால்வும் கழுத்துக் குழாயும் ஒரே அறுவை மருத்துவரின் அக்கறைகளாக இருந்தது தற்செயலன்று. நோயுற்ற வால்வை மாற்றத் துணிந்தவர், அதன்பின் மூச்சுவிட முடியாத நோயாளியையும் காக்க வேண்டியிருந்தது.

மற்றொரு திருப்பம் 1985இல் நேர்ந்தது. சியாக்லியா என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், கத்தியால் விரிவாகத் திறப்பதற்கு மாறாக, ஊசியால் துளைத்து, கம்பி செலுத்தி, துளையைப் படிப்படியாக அகலப்படுத்தும் முறையை அறிமுகப்படுத்தினார். நோயாளியை அறுவைக் கூடத்திற்கு எடுத்துச் செல்லாமல் படுக்கையிலேயே இதைச் செய்யலாம். வசதி பெருகியதும், 'எப்போது செய்வது?' என்ற வினா கூர்மையாயிற்று. ஒரு செயல் கடினமாக இருக்கும் வரை அதைத் தள்ளிப்போடுவோம்; எளிதானதும் விரைந்து செய்யத் தோன்றும். எளிமை மட்டுமே தேவைக்குச் சான்றாகிவிடாது.

குழாயை இடம் மாற்றுவதன் பயன்

வாய்வழிக் குழாய் குரல் நாண்களுக்கு இடையே புகுந்து செல்கிறது. நாள்கள் செல்லச் செல்ல, குரல்வளையின் பின்புறத்தில் அழுத்தப் புண் உண்டாகலாம்; அது ஆறும்போது தழும்பாகிக் குரலையும் மூச்சுவழியையும் குறுக்கக் கூடும். வாயைத் தூய்மையாக வைப்பது கடினம். உண்ண இயலாது, உதடசைத்துப் பேசவும் இயலாது. குழாயின் உறுத்தலைத் தாங்கத் தரும் மயக்க மருந்தே, நோயாளியைக் கருவியிலிருந்து விடுவிப்பதற்குத் தடையாகிவிடுகிறது. இந்தச் சுழல்தான் கழுத்துத் திறப்புக்கு ஆதரவான வலுவான வாதம்.

மூச்சின் தடை குறையும் என்றும் சொல்வதுண்டு. காற்று சீராக ஓடும் குழாயில் தடை அதன் நீளத்திற்கேற்பக் கூடும். உள் ஆரம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும். கழுத்துக் குழாய் நீளம் குறைந்தது. சளி அடைத்தால் உட்குழாயை உடனே கழற்றிக் கழுவலாம். ஆயினும் இந்த ஆதாயத்தை மிகைப்படுத்தலாகாது. வலுவான மார்புத் தசை உடையவருக்கு இது பொருட்டன்று. மூச்சுவிடும் ஆற்றல் விளிம்பில் நிற்பவருக்கு மட்டுமே இது வேறுபாட்டை உண்டாக்கும்.

இதய அறுவை நோயாளியிடம் இரு தனிச் சிக்கல்கள் உள்ளன. முதலாவது, மார்பெலும்பு. நெஞ்சின் நடுவே நீளப் பிளந்து, உலோகக் கம்பியால் சேர்த்துக் கட்டிய எலும்பின் மேல்முனைக்கும் கழுத்துத் துளைக்கும் சில விரற்கடைத் தொலைவே உண்டு. துளையிலிருந்து வடியும் சளியிலுள்ள கிருமிகள் அறுவைக் காயத்தில் இறங்கினால், நெஞ்சுக்கூட்டின் நடுப்பகுதியில் சீழ் பிடிக்கும். இது உயிருக்கே உலை வைக்கும் தொற்று. இந்த அச்சத்தால்தான் அறுவை மருத்துவர்கள் நெடுங்காலம் திறப்பைத் தள்ளிவைத்து வந்தனர். இரண்டாவது, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. உலோக வால்வு பொருத்தியவர் வாழ்நாள் முழுவதும் அம்மருந்தை உட்கொள்ள வேண்டும். துளையிடுவதற்காகச் சில மணி நேரம் மருந்தை நிறுத்தினால் வால்வில் உறைகட்டி சேரக் கூடும். நிறுத்தாமல் துளையிட்டால் இரத்தப்போக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதல் நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு, விலை குறைந்த உள்நாட்டுச் சாதனமாகப் பல ஆயிரம் ஏழைகளை எட்டியது. அதைப் பெற்றவருக்கும் இந்த இக்கட்டு உண்டு.

ஆய்வுகள் காட்டுபவை

1989இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று வழங்கிய கருத்து நெடுங்காலம் மரபாக நிலவியது. 10 நாள் வரை வாய்வழிக் குழாயே போதும். 21 நாளுக்கு மேல் செயற்கைச் சுவாச வழி தேவைப்படும் என்று தோன்றினால் கழுத்துத் திறப்பை மேற்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அது அனுபவத்தின் அடிப்படையில் எழுந்த இணக்கமேயன்றி, ஒப்பீட்டு ஆய்வின் முடிவன்று.

2004இல் ரம்பாக் முதலியோர் 120 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. இரண்டு நாளுக்குள் திறப்புச் செய்தவர்களில் 31.7 விழுக்காட்டினர் இறந்தனர். 14 முதல் 16 நாள் வரை பொறுத்தவர்களில் 61.7 விழுக்காட்டினர் இறந்தனர். இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒரு சிறு ஆய்வு காட்டும்போது ஐயம் கொள்வதே முறை. பின்வந்த பெரிய ஆய்வுகள் அந்த ஐயத்தை உறுதிப்படுத்தின. 2010இல் இத்தாலியில் 419 பேரிடம் நடந்த ஆய்வில், 6 முதல் 8 நாளில் திறப்பவருக்கும் 13 முதல் 15 நாளில் திறப்பவருக்கும் இடையே நுரையீரல் தொற்றில் உறுதியான வேறுபாடு இல்லை. 14, 21 விழுக்காடு என்ற எண்கள் தற்செயலாகவும் அமையக் கூடியவை. 2013இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு 909 பேரை உட்கொண்டது. அதில் பங்கேற்ற 72 பிரிவுகளில் இரண்டு, இதய-நெஞ்சக அறுவைக்குரியவை. நான்கு நாளுக்குள் திறந்தோரில் 30.8 விழுக்காட்டினரும், பத்து நாளுக்குப் பின் திறப்பதென வைத்தோரில் 31.5 விழுக்காட்டினரும் 30 நாளில் இறந்தனர். இரண்டும் ஒன்றே எனலாம். 2015இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு முன்கூட்டிய திறப்பில் இறப்பு சற்றுக் குறைவு என்று கண்டபோதிலும், அந்தச் சான்றை முடிந்த முடிவாகக் கொள்ள அதுவும் தயங்கிற்று.

நம் கிடர்பூர்ப் பெண்ணுக்கு நேரடியாகப் பொருந்துவது 2011இல் பாரிஸிலிருந்து வெளியான ஆய்வு. துரூயே முதலியோர், இதய அறுவைக்குப் பின் நான்கு நாளுக்கும் கருவியிலிருந்து விடுபடாத 216 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு உடனே ஊசிமுறைத் திறப்பு. மற்றவருக்கு வாய்வழிக் குழாயே தொடர்ந்தது, 15 நாள் கடந்தும் தேவையிருந்தால் மட்டும் திறப்பு. 90 நாள் முடிவில் இரு பிரிவிலும் இறந்தோர் 30 விழுக்காடே. கருவியின்றிக் கழித்த நாள்களும் வேறுபடவில்லை. மார்பெலும்புத் தொற்றும் கூடவில்லை. அறுவை மருத்துவர்களின் நெடுநாள் அச்சத்திற்கு, குறைந்தது ஊசிமுறையைப் பொறுத்தவரை, இது ஒரு விடை.

அப்படியானால் விரைந்து திறப்பதால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அது உயிர்காப்பில் அன்று. விரைந்து திறந்தவருக்கு மயக்க மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. மனக்குழப்பத்திற்கான மருந்தும் குறைந்தது. குழாய் தற்செயலாகக் கழன்றுவிடும் விபத்துகள் குறைந்தன. அவர்கள் முன்னதாகவே வாய்வழி உண்ணவும், நாற்காலியில் அமரவும் இயன்றது. செவிலியர்களும் அவர்களைப் பராமரிப்பது எளிது என்றே கருதினர். இவை சிறு பயன்கள் அல்ல. ஆயினும் கணவரிடம் படிவத்தை நீட்டும் மருத்துவர், 'இதைச் செய்தால் பிழைப்பார்' என்று சொல்வதற்கு இவ்வாய்வு இடந்தரவில்லை. 'செய்தால் தெளிவாக விழித்திருப்பார், சற்று நிம்மதியாக இருப்பார்' என்று சொல்லலாம்; அதுவே உண்மைக்கு நெருங்கிய சொல்.

மேற்கண்ட ஆய்வுகளில் பலரும் கவனிக்காது விடுகின்ற ஓர் எண் உண்டு. பொறுத்திருந்த பிரிவினரில் கடைசியில் எத்தனை பேருக்குத் திறப்பு நடந்தது? பிரிட்டனில் 44.9 விழுக்காடு, பாரிஸில் 27 விழுக்காடு. மற்றவர்களுள் சிலர் அதற்குள் இறந்தனர், பெரும்பாலோர் குழாயிலிருந்து விடுபட்டனர். அதாவது ஐந்தாம் நாளில் நூறு இதய நோயாளிகளின் கழுத்தைத் திறந்தால், அவர்களுள் எழுபதுக்கு மேற்பட்டோருக்கு அது பொறுத்திருந்தால் தேவைப்படாமலே போயிருக்கக் கூடும். 'இவருக்கு நீண்டநாள் கருவி தேவைப்படும்' என்று தேர்ந்த மருத்துவர்கள் கணித்த பின்னரே அவர்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாளைக் குறிப்பதில் உள்ள சிக்கல் நாட்காட்டியில் இல்லை. யார் விடுபடுவார், யார் விடுபடார் என்று முன்னறிவதில் நாம் இன்னும் தேர்ச்சி பெறவில்லை என்பதே சிக்கல்.

மாணவர்கள் இங்கு ஓர் எச்சரிக்கையையும் மனத்திற் கொள்ளுதல் நலம். ஒரு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளை எடுத்து, 'பத்து நாளுக்குள் திறந்தோர்', 'பின்னர்த் திறந்தோர்' என்று பிரித்து ஒப்பிடும் கட்டுரைகள் ஏராளம். அவற்றில், முன்னதாகத் திறந்தோர் மருத்துவமனையில் குறைந்த நாளே தங்கினர் என்ற முடிவு தவறாமல் வரும். வராமல் எப்படி இருக்கும்? இருபதாம் நாளில் திறக்கப்பட்டவர் இருபது நாள் அங்கே தங்கியே இருக்க வேண்டும் அல்லவா! மறுபுறம், எட்டாம் நாளில் இறந்தவர் 'பின்னர்த் திறந்தோர்' பட்டியலில் இடம்பெறவே இயலாது. இவ்விரு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால், அத்தகைய எண்கள் எதைக் காட்டுகின்றன என்று கூறுவதே அரிது.

காரணத்தைக் கேட்டல்

ஆகவே ஐந்தாம் நாளில் முதலில் கேட்க வேண்டியது, 'என்று திறப்பது?' என்பதன்று; 'ஏன் இவர் மூச்சுவிடவில்லை?' என்பதே. இதய அறுவை செய்தவர்களுள் பெரும்பாலோருக்கு அன்றோ மறுநாளோ குழாயை எடுத்துவிடலாம். எஞ்சியோரின் காரணங்கள் பலவகைப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

இதயமே இரத்தத்தைப் போதிய அளவு தள்ளாமல், நுரையீரலில் நீர் கோத்திருந்தால், கழுத்தைத் திறப்பதால் ஒன்றும் ஆகாது. இதயத்தைச் சீர் செய்து நீரை வடிக்க வேண்டும். நெடுங்காலம் கவனிக்கப்படாத மைட்ரல் நோயில் நுரையீரல் இரத்த அழுத்தம் மிகுந்திருக்கும். அது இறங்கச் சில நாள் ஆகும், அதுவரை பொறுப்பதில் தவறில்லை. அறுவையின்போது இதயத்தைக் குளிர்விக்க இட்ட பனிக்கூழால் உதரவிதான நரம்பு மரத்துப்போயிருந்தால், அது தேற வாரங்களோ மாதங்களோ ஆகலாம். இத்தகையவருக்குத் தாமதிப்பதில் பொருளில்லை. குழந்தைகளாயின், தளர்ந்து மேலேறிய உதரவிதானத்தை மடித்துத் தைக்கும் சிறு அறுவையே திறப்புக்கு மாற்றாகிவிடும். மூளையில் உறைகட்டி அடைத்துப் பக்கவாதம் கண்டு, விழுங்கவும் இருமவும் இயலாதவருக்கு முன்கூட்டியே திறப்பது பொருத்தமாகத் தோன்றும். எனினும், கடும் பக்கவாத நோயாளிகள் 382 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஐந்து நாளுக்குள் திறப்பதால் உறுதியான நன்மை காணப்படவில்லை. படுத்த படுக்கையாய்த் தசை நலிந்தவர், சிறுநீரகம் செயலிழந்தவர், மனக்குழப்பத்தில் குழாயைப் பிடுங்குபவர் என்று பட்டியல் நீளும்.

காரணம் தெளிவான பின், ஒவ்வொரு காலையிலும் மயக்க மருந்தை நிறுத்தி, கருவியின் உதவியைக் குறைத்து, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் நோயாளியைத் தாமாக மூச்சுவிடச் செய்து பார்க்க வேண்டும். எளிய சோதனைதான். ஆனால் அருகில் நின்று கவனிக்க ஒருவர் வேண்டும். கருவியிலுள்ள ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியத் தீவிர சிகிச்சை வல்லுநர்கள் பரிந்துரைக்கும் அளவு. ஒருவரே மூவரைக் கவனிக்கும் பிரிவில் இச்சோதனைதான் முதலில் கைவிடப்படும். கைவிடப்பட்ட சோதனைகள் சேர்ந்து சேர்ந்து, தேவையற்ற ஒரு திறப்பாக முடிகின்றன. செவிலியர் பற்றாக்குறையை அறுவைக் கத்தியால் ஈடு செய்வது என்பது இதுதான்.

இந்தச் சோதனையில் நாளுக்கு நாள் முன்னேற்றம் காண்பவருக்குப் பொறுத்திருக்கலாம். ஏழு, எட்டு நாள் ஆகியும் முன்னேற்றமே இல்லாதவருக்கு, அல்லது குழாயை எடுத்து மீண்டும் செலுத்த நேர்ந்தவருக்கு, இரண்டாம் வாரத்திற்குள் முடிவெடுப்பது முறையாகும். இன்னும் பொறுத்தால் குரல்வளைக்குத் தீங்கு நேரும் வாய்ப்புக் கூடிக்கொண்டே போகும். உயர்ந்த அளவு ஆக்சிஜன் தேவைப்படுபவர், இரத்த அழுத்தத்தைத் தாங்க மிகுந்த மருந்து பெறுபவர், கழுத்தில் பழைய அறுவை உடையவர் ஆகியோரிடம் எந்த நாளாயினும் தயக்கம் தேவை.

செய்யும்போது, மார்பெலும்புக் காயத்திலிருந்து இயன்ற அளவு விலகி, மூச்சுக்குழாயின் மேல்வளையங்களுக்கிடையே, சிறு துளையாக அமைப்பது இதய நோயாளிக்கு ஏற்றது. காற்றுப்பையின் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவுக்குள் இருத்தல் வேண்டும். மிகுந்தால் மூச்சுக்குழாய்ச் சவ்வுக்கு இரத்தம் செல்லாது. முதல் வாரத்தில் குழாய் கழன்றுவிட்டால், கழுத்துத் துளை வழியே தடவித் தடவி மீண்டும் செலுத்த முயல்வது பேராபத்து. துளையின் பாதை இன்னும் உறுதிப்படாததால் குழாய் தவறான இடத்தில் புகுந்துவிடும். துளையை மூடிக்கொண்டு, வாய்வழியே குழாய் செலுத்துவதே சரியான செயல். இரவுப் பணியிலுள்ள இளம் மருத்துவர் இந்த ஒரு செய்தியை அறியாதிருந்தால் உயிர் போகும்.

கணக்கும் ஒப்புதலும்

திட்டமிடும் அதிகாரிகளுக்கு இவ்வினா வேறொரு முகம் காட்டும். அறுவைக்காகக் காத்திருப்போர் வரிசை நீளமானது. கருவியோடு கூடிய ஒரு படுக்கையில் ஒருவர் மூன்று வாரம் தங்கினால், அதே படுக்கையில் அந்நாள்களில் அறுவை செய்துகொண்டிருக்கக் கூடிய பலர் திரும்பிச் செல்வர். கழுத்துக் குழாய் பொருத்தியவரைக் குறைந்த கவனிப்புள்ள கூடத்திற்கு மாற்றலாம் என்பதால், வரிசையின் அழுத்தம் திறப்பை நோக்கித் தள்ளுகிறது. மேற்கு வங்கத்தில் 2016இல் தொடங்கிய சுவஸ்திய சாத்தி, 2018இல் நடுவண் அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் ஆகிய காப்பீட்டுத் திட்டங்கள் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பை நோக்கமாகக் கொண்டு எழுந்தவை. இவ்வகைத் திட்டங்களில் அறுவைக்குத் தொகுப்புக் கட்டணம் வகுப்பது வழக்கம். நான்கு நாளில் வீடு திரும்புபவரையும் நாற்பது நாள் தங்குபவரையும் ஒரே தொகுப்பில் அடைக்க முயன்றால், நெடுநாள் நோயாளி மருத்துவமனைக்குச் சுமையாகத் தோன்றுவார். படுக்கையின் தேவை ஒரு நோயாளியின் கழுத்தில் துளையிடுவதற்குக் காரணமாகக் கூடாது. அதை மறைமுகக் காரணமாக வைத்துக்கொள்வதைவிட, இடைநிலைக் கவனிப்புக் கூடங்களை அமைத்துச் செவிலியரை நியமிப்பதே நேரான வழி.

இதைவிடக் கடினமான மற்றொரு நிலையும் உண்டு. தேறுவார் என்ற நம்பிக்கை மங்கிய நோயாளிக்கு, குடும்பத்தாரிடம் உண்மையைப் பேசத் தயங்கி, 'கழுத்தில் குழாய் வைத்துப் பார்ப்போம்' என்று நாளைக் கடத்துவது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கண்ணியமான இறப்புக்குள்ள உரிமையை ஏற்று, உயிர்நீட்டிப்புச் சிகிச்சையைத் தவிர்ப்பதற்கும் நிறுத்துவதற்கும் நெறிமுறை வகுத்தது. 2023இல் அந்நெறிமுறையை எளிமையாக்கிற்று. திறப்பு என்பது நெடும்பயணத்திற்கான ஏற்பாடு. அப்பயணத்தின் இலக்கு என்ன என்று குடும்பத்தாரின் மொழியிலேயே, இந்தியாயினும் உருதுவாயினும் வங்காளமாயினும், அமர்ந்து பேசிய பின்னரே படிவம் நீட்டப்பட வேண்டும்.

வீடு திரும்பிய பின்

பெரும்பாலோருக்கு மருத்துவமனையிலேயே குழாய் அகற்றப்படும். அகற்றாமல் வீடு செல்வோரைக் கிடர்பூர்ச் சந்தில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். மூக்கு வழியே செல்லும் காற்று வெதுவெதுப்பும் ஈரமும் பெற்று நுரையீரலை அடைகிறது. கழுத்து வழியே செல்லும் காற்றுக்கு அந்தப் பேறு இல்லை. சாலைப் புழுதியும் அடுப்புப் புகையும் வடிகட்டப்படாமல் நேரே இறங்கும். துளையின்மேல் ஈரங்காக்கும் வடிகட்டியோ, அதற்கு வழியில்லையேல் தூய்மையான மெல்லிய துணியோ வேண்டும். உட்குழாயை நாள்தோறும் பலமுறை கழுவ வேண்டும். சளி உறிஞ்சும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். மின்தடையின்போது காலால் மிதித்து இயக்கும் உறிஞ்சியாவது கைவசம் இருக்க வேண்டும். மாற்றுக் குழாய் ஒன்று தலைமாட்டில் இருத்தல் இன்றியமையாதது. குளிக்கும்போது துளையில் நீர் புகக் கூடாது. இவற்றையெல்லாம் மகளோ மருமகளோ மருத்துவமனையில் செவிலியர் முன்னிலையில் தம் கையாலேயே பலமுறை செய்து பழகிய பின்னரே நோயாளியை அனுப்புதல் வேண்டும். அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் தந்து அனுப்புவது பயிற்சியாகாது.

குழாயை அகற்றும் பொறுப்பு யாருடையது என்பதும் எழுத்தில் இருத்தல் வேண்டும். இதய அறுவைப் பிரிவு வால்வையும் உறைதடுப்பு மருந்தையும் கவனிக்கிறது; குழாய் காது-மூக்கு-தொண்டைப் பிரிவின் வேலை என எண்ணுகிறது. அப்பிரிவோ தன்னிடம் அனுப்பப்படாத நோயாளியை அறியாது. இந்த இடைவெளியில், தேவை தீர்ந்த பின்னும் மாதக்கணக்கில் குழாயோடு வாழ நேரக் கூடும். வெளியேற்றச் சீட்டிலேயே அடுத்து வர வேண்டிய நாளையும், பிரிவையும், அறை எண்ணையும் குறித்துத் தருவதற்குச் செலவு எதுவும் இல்லை.

அகற்றும் முறை எளியது. முதலில் காற்றுப்பையைத் தளர்த்தி, நோயாளி எச்சிலை விழுங்குகிறாரா, இருமிச் சளியை வெளியேற்றுகிறாரா என்று பார்ப்பர். பின்னர்க் குழாயைச் சிறியதாக மாற்றி, வாயை மூடியிட்டு ஒரு பகலும் ஓர் இரவும் மூக்கு வழியே மூச்சுவிடச் செய்வர். தடையின்றி உறங்கி எழுந்தால், மறுநாள் காலை குழாய் எடுக்கப்படும். துளையின்மேல் மடித்த துணிப்பஞ்சை ஒட்டி, பேசும்போதும் இருமும்போதும் அவ்விடத்தை இரு விரலால் அழுத்திக்கொள்ளச் சொல்வர். சில நாள்களில், சிலருக்குச் சில வாரங்களில், துளை தானே மூடிக்கொள்ளும். தொடக்கத்தில் குரல் கரகரத்தே வரும். ஒரு மாதம் கடந்தும் கரகரப்பு நீங்காவிட்டால், அல்லது மாடிப்படி ஏறும்போது மூச்சில் விசில் போன்ற ஒலி கேட்டால், காத்திராமல் குரல்வளைப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று நோயாளியிடமே சொல்லி அனுப்ப வேண்டும்.